2001 மாடல் புல்லட் 350, வலது கால் கியர்: லாங் போக வாங்கலாமா?

தேனிப்பையன் | 28 ஜூன் 2025, இரவு 10.12

ஆண்டிபட்டி பக்கம் ஒருத்தர்கிட்ட 2001 மாடல் புல்லட் ஸ்டாண்டர்ட் 350 விலைக்கு இருக்கு. காஸ்ட் அயர்ன் இன்ஜின், பிளக்குக்குப் பொறி குடுக்கத் திறந்து மூடுற பாயின்ட் செட், வலது பக்கம் கியர், இடது பக்கம் பிரேக். புதுசா கறுப்பு பெயின்ட் அடிச்சு கோல்டு லைன் போட்டு பளபளன்னு வச்சிருக்கார். 95 ஆயிரம் சொல்றார். நான் இதுவரைக்கும் ஓட்டினது 150 சிசி வண்டி மட்டும்தான். போடிமெட்டு ஏறி மூணாறு, அப்புறம் கன்னியாகுமரி, முடிஞ்சா கோவா வரைக்கும் ஆசை. வீட்டுல புது வண்டி எடுக்கச் சொல்றாங்க. பழசு தாங்குமாண்ணே?

நாமக்கல் லேத்து | 28 ஜூன், இரவு 11.05

பெயின்ட்டுக்கு எவ்வளவு, வண்டிக்கு எவ்வளவுன்னு பிரிச்சுக் கேளுங்க தம்பி.

இருபத்து நாலு வருஷ வண்டியில நீங்க காசு குடுத்து வாங்குறது, அதை இதுவரைக்கும் தொட்ட மெக்கானிக்குகளோட கையை. அது தெரியுற இடம் போல்ட் தலை. பழைய புல்லட்ல பல நட்டு இங்கிலாந்து அளவு, சிலது மில்லிமீட்டர். கைக்குக் கிடைச்ச மில்லிமீட்டர் ஸ்பேனரை மாட்டித் திருகினா மூலை மழுங்கும். அப்புறம் அடுத்தவன் உளி வச்சுத் தட்டுவான். டைமிங் கவர் ஸ்க்ரூ, டேப்பெட் கவர் நட்டு, டிரெயின் பிளக் மூணையும் குனிஞ்சு பாருங்க. ஆறு மூலையும் கூரா இருந்தா வண்டி நல்ல கையில இருந்திருக்கு. உளித் தழும்பு இருந்தா, உள்ள பேரிங்கை எப்படி அடிச்சு இறக்கியிருப்பான்னு யோசிச்சுக்கலாம்.

மங்கின பெயின்ட், கிழிஞ்ச சீட்டு, மூலை மழுங்காத போல்ட். இந்த மூணும் சேர்ந்து கிடைச்சா கண்ணை மூடிட்டு அட்வான்ஸ் குடுக்கலாம். கண்ணைத் திறந்து ஆர்.சி.யும் பார்த்துட்டு.

சைடுஸ்டாண்டு | 29 ஜூன், காலை 7.30

லாங் தாராளமா தாங்கும். மெக்கானிக்கைப் பின்னாடி உட்கார வச்சுக்கிட்டா.

நாமக்கல் லேத்து | 29 ஜூன், இரவு 9.48

சைடுஸ்டாண்டுக்கு ஒரு கும்பிடு. ஆனா தாங்குமாங்குற கேள்விக்கு நேத்து நான் பதில் சொல்லலை.

தாங்கும். எந்த வேகத்துலங்குறதுதான் விஷயம். போர் (சிலிண்டர் விட்டம்) 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்குற தூரம்) 90 மில்லிமீட்டர், 346 சிசி, நாலே கியர், கனமான ஃப்ளைவீல். குறைஞ்ச சுத்துலயே இழுக்கிற இன்ஜின். 60, 65ல அதுபாட்டுக்கு ஓடும். நாலுவழிச் சாலையில பக்கத்துல காரெல்லாம் 100ல போகும்போது நமக்கும் கை முறுக்கத் தோணும். அங்கதான் சிக்கல். பிஸ்டனைக் கிராங்க்கோட சேர்க்கிற கனெக்டிங் ராடோட பெரிய முனையில இருக்கிறது ரோலர் பேரிங் இல்ல, மிதக்குற புஷ். ராடுக்கும் கிராங்க் பின்னுக்கும் நடுவுல ஆயில் படலத்து மேல சுத்துறது. ஆயில் பழசாகி, சூடேறி, தண்ணியா ஓடுற நேரத்துல 85, 90ன்னு மணிக்கணக்கா விரட்டினா அந்தப் படலம் அறுந்துபோகும். புஷ் தேயும். அப்புறம் "டொக் டொக்"குன்னு ஒரு சத்தம். அது வந்தா கிராங்க் வேலை, கணிசமான செலவு.

என் வண்டி 1994. ரோலர் போட்டுக்கலாமேன்னு பலர் சொன்னாங்க, நானே லேத் வச்சிருக்கேன், போடலை. 65க்கு மேல போற அவசரம் எனக்கு இல்ல. அவசரம் இருக்கிறவங்க இந்த வண்டியை எடுக்க வேண்டாம். இதைக் கோபமா சொல்லலை. கோவா போக நாலு நாள்தான் லீவுன்னா புது வண்டிதான் சரி, வீட்டுல சொல்றதைக் கேளுங்க.

நாமக்கல் லேத்து | 29 ஜூன், இரவு 10.20

இன்னொண்ணு. பார்க்கப் போகும்போது "இன்னிக்கு ஸ்டார்ட் பண்ணாதீங்க, நான் வந்து பண்ணிக்கறேன்"னு முதல் நாளே போன்ல சொல்லிடுங்க. போனதும் சிலிண்டர் மேல கை வைங்க. சுட்டா, காலையிலயே ஒருத்தர் அரை மணி நேரம் உதைச்சிருக்கார்னு அர்த்தம்.

ஸ்டார்ட் ஆனதும் சத்தத்தைப் பிரிச்சுக் கேக்கணும். மேல இருந்து "டிக் டிக்"குன்னு மெலிசா வந்தா வால்வைத் தள்ளுற டேப்பெட், கவலை இல்ல. கீழ இருந்து கனமா வந்தா மேல சொன்ன புஷ். டாப் கியர்ல 35க்கு இறக்கி ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் குடுங்க. நோய் இருந்தா அப்ப பேசும்.

புகை. நின்ன வண்டி முதல் கொஞ்ச நேரம் நீலமா புகைச்சுட்டு நின்னா விட்டுடுங்க, ஆயில் டேங்க்ல இருந்த ஆயில் கிராங்க் கேஸ்ல இறங்கியிருக்கும், இந்த வண்டிக்கு அது சகஜம். இறக்கத்துல ஆக்ஸிலரேட்டரை மூடிட்டுத் திரும்பத் திறக்கும்போது ஒரு கொத்து நீலப்புகை வந்தா வால்வ் தண்டைத் தாங்குற கைடு தேய்ஞ்சிருக்கு. ஓடும்போது இடைவிடாம வந்தா ரிங் அல்லது போர். கைடு மாத்துறது சின்ன வேலை. போர் போடணும்னா, அதாவது சிலிண்டரைக் கடைஞ்சு அகலப்படுத்தணும்னா, பிஸ்டன் ஏற்கனவே எத்தனை ஓவர்சைஸ் போயிருக்குன்னு தெரியணும், இல்லேன்னா ஸ்லீவ் அடிக்க வேண்டி வரும்.

தேனிப்பையன் | 6 ஜூலை, மாலை 6.40

போய்ப் பார்த்துட்டு வந்தேண்ணே. சிலிண்டர் சுட்டுச்சு. "இப்பத்தான் கடைக்குப் போயிட்டு வந்தேன்"ன்னார். டைமிங் கவர் ஸ்க்ரூ ரெண்டு மழுங்கி இருக்கு. டேப்பெட் கவர் ஓரமெல்லாம் சிவப்பு கலர் பசை பிதுங்கி நிக்குது. ஆனா ஓட்டத்துக்கு நல்லாத்தான் இருந்துச்சு. ஆர்.சி. 2021ல புதுப்பிச்சது. ஆனா பேர் இவர் பேர்ல இல்ல, இவருக்கு முன்னாடி இருந்தவர் பேர்ல இருக்கு. அவர் சென்னையில இருக்காராம்.

நாமக்கல் லேத்து | 6 ஜூலை, இரவு 8.15

விட்டுடுங்க.

நாமக்கல் லேத்து | 6 ஜூலை, இரவு 8.52

ஒத்தை வார்த்தையில சொன்னா தம்பி கோவிச்சுக்குவார். காரணம் ஸ்க்ரூவும் பசையும் இல்ல, அந்த ஆர்.சி.

தனியார் வண்டிக்குப் பதிவு முதல்ல 15 வருஷம், அப்புறம் அஞ்சஞ்சு வருஷமா புதுப்பிக்கணும். 2001 வண்டின்னா 2016, 2021, அடுத்தது 2026. அதாவது அடுத்த வருஷமே நீங்க ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசல்ல வண்டியோட நிக்கணும். பேர் மாத்த ஃபாரம் 29, 30ல கையெழுத்துப் போட வேண்டியது ஆர்.சி.யில யார் பேர் இருக்கோ அவர். சென்னைக்காரர் வருவாரா, போனை எடுப்பாரா, உயிரோட இருக்காரா? வெத்து ஃபாரத்துல போட்ட கையெழுத்து இருக்குன்னு சொல்வாங்க. அதை நம்பி 95 ஆயிரம் குடுக்கக் கூடாது.

சேசிஸ் நம்பரைப் பென்சில் வச்சு காகிதத்துல அச்சு எடுத்துப் பார்க்கணும், கண்ணால பார்த்தா போதாது. புதுசா பெயின்ட் அடிச்ச வண்டியில அந்த நம்பர் மேலயும் பெயின்ட் தடிச்சுக் கிடக்கும், ஒரு எழுத்து தெரியாது. ஆர்.டி.ஓ.வுல அதுவே ஒரு வம்பு. டெல்லி வண்டி விலை குறைச்சலா வருதுன்னு யாராவது சொன்னா அங்கயும் இதே ஜாக்கிரதை. அங்க 15 வருஷம் தாண்டின பெட்ரோல் வண்டி ஓட்டக் கூடாதுங்கறதால தள்ளி விடுறாங்க. அங்க ஆர்.டி.ஓ. குடுக்குற என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) கையில இல்லாம நம்ம ஊருக்குள்ள அது வெறும் இரும்பு.

பீளமேடு பிஸ்டன் | 7 ஜூலை, காலை 10.05

லேத்து அண்ணன் பெயின்ட் மேல ஏன் இவ்வளவு காட்டமா இருக்கார்? ராமேஸ்வரம், தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர் வண்டின்னா பெயின்ட் அடிக்காம வச்சிருந்தா துருவே தின்னுடும். ஒழுங்கா வண்டியைப் பிரிச்சு, துரு சுரண்டி, ப்ரைமர் போட்டு அடிச்சவங்களும் இருக்காங்க. நான் அதுல ஒருத்தன்.

நாமக்கல் லேத்து | 7 ஜூலை, இரவு 9.30

பிஸ்டன் சொல்றது நியாயம். கடலோர வண்டிக்கு பெயின்ட் வேணும். அப்படி ஒழுங்கா அடிச்சவர்கிட்ட பிரிச்சுப் போட்டப்ப எடுத்த போட்டோ இருக்கும், கேக்காமலே எடுத்துக் காட்டுவார். விக்குறதுக்கு முந்தின வாரம் அடிச்சதுக்கு போட்டோ இருக்காது. அதனால என் கட்சியைக் கொஞ்சம் மாத்திக்கறேன்: பெயின்ட் தப்பில்ல, போட்டோ இல்லாத பெயின்ட்தான் தப்பு.

தேனிப்பையன் | 19 ஜூலை, இரவு 9.10

அண்ணே, வேற வண்டி. பெரியகுளம் பக்கம் ஒரு ரைஸ் மில்லுல. 2002 மாடல், அதே ஸ்டாண்டர்ட், மெரூன் கலர், தவிட்டுத் தூசி படிஞ்சு கிடக்கு. ஒரே ஓனர், ஆர்.சி. அவர் பேர்லயே, 2027 வரைக்கும் இருக்கு. ரெண்டு வருஷமா எடுக்கலையாம், மகன் வெளிநாடு. 70 ஆயிரத்துக்கு முடிஞ்சுது. போல்ட் எல்லாம் கூரா இருக்கு, நான் ஒவ்வொண்ணா தடவிப் பார்த்ததைப் பார்த்து மில்லுக்காரர் சிரிச்சார். நாளைக்கு உதைச்சுப் பார்க்கலாம்னு இருக்கேன்.

நாமக்கல் லேத்து | 19 ஜூலை, இரவு 9.16

உதைக்காதீங்க! எழுதறேன், பொறுங்க.

நாமக்கல் லேத்து | 19 ஜூலை, இரவு 10.31

ரெண்டு வருஷம் நின்ன வண்டி. ஆயில் டேங்க்ல இருந்த ஆயில் முழுக்க கிராங்க் கேஸ்ல இறங்கியிருக்கும். மேல ராக்கர்ல, வால்வ் தண்டுல ஒரு சொட்டு இருக்காது. இப்ப உதைச்சு ஸ்டார்ட் பண்ணா கீழ ஆயில்ல நீச்சல், மேல வறட்சி.

கீழ இருக்கிற டிரெயின் பிளக்குகளைக் கழட்டி எல்லாத்தையும் வடிய விடுங்க. ஃபில்டர் மாத்துங்க. புதுசா 20டபிள்யூ-50 ஊத்துங்க. ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி அந்த ஓட்டையில ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு, சாவியை ஆஃப்லயே வச்சு, கிக்கரை நிதானமா மிதிச்சுக்கிட்டே இருங்க. ஹெட்டுக்கு ஆயில் போற பைப்போட போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி வச்சீங்கன்னா, ஒரு கட்டத்துல அங்க ஆயில் கசியும். பம்ப் வேலை செய்யுதுன்னு அர்த்தம். போல்ட்டை இறுக்கிட்டு, பிளக்கை மாட்டிட்டு, அப்புறம்தான் ஸ்டார்ட்.

பெட்ரோல் டேங்க்ல இருக்கிறதை ஒரு சொட்டு விடாம கொட்டிடுங்க. இப்ப வர்ற பெட்ரோல்ல இருபது சதம் எத்தனால். அது காத்துல இருந்து தண்ணி இழுக்கும், நின்ன வண்டியில அடியில போய் உட்கார்ந்து டேங்க்கைத் துருப்பிடிக்க வைக்கும். டார்ச் அடிச்சு உள்ள பாருங்க. பழைய ரப்பர் பைப், டேப் வாஷர், கார்புரேட்டர் ஓ-ரிங் எல்லாம் ஊறி உப்பி இருந்தா மாத்திடுங்க, பெரிய காசு இல்ல. கார்புரேட்டரை முழுசா கழட்டிக் கழுவணும், ஸ்லோ ஜெட் கண்டிப்பா அடைச்சிருக்கும்.

இனிமே நிறுத்தி வைக்கிறதா இருந்தா பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடிச்சுட்டு வைங்க.

சைடுஸ்டாண்டு | 20 ஜூலை, காலை 8.02

வண்டி வாங்கின சந்தோஷத்துல இருக்கிற பையனுக்கு ஆபரேஷன் தியேட்டர் காட்டறீங்களேண்ணே. தம்பி, முதல்ல எலுமிச்சம்பழம் வச்சு பூஜை போடு.

தேனிப்பையன் | 27 ஜூலை, மாலை 5.55

எல்லாம் செஞ்சாச்சு. டேங்க்ல லேசாத்தான் துரு. ஆனா ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. கிக்கர் திருப்பி அடிச்சு கணுக்கால்ல நல்ல வீக்கம். மில்லுக்காரர் ஒரே உதையில எடுத்தார். அவருக்கு வயசு அறுபதுக்கு மேல.

நாமக்கல் லேத்து | 27 ஜூலை, இரவு 8.40

பலம் வேண்டாம். மின்னோட்டம் காட்டுற ஆம்ப் மீட்டர் இருக்குல்ல ஹெட்லைட்டுக்கு மேல, அதைப் பார்த்துத்தான் உதைக்கணும்.

சாவி ஆன். முள் மைனஸ் பக்கம் சாஞ்சா பாயின்ட் மூடியிருக்கு. இடது கையால டிகம்ப்ரஷரை (சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடுற சின்ன லிவர்) இழுத்துப் பிடிச்சுக்கிட்டு கிக்கரை மெதுவா அமுக்குங்க. ஒரு இடத்துல முள் டக்னு நடுவுக்கு வரும். பாயின்ட் திறந்துடுச்சு, பிஸ்டன் உச்சிக்கு வந்துடுச்சு. அங்கயே நிறுத்துங்க. டிகம்ப்ரஷரை விடுங்க, கிக்கரை முழுசா மேல வர விடுங்க. இப்ப ஒரு முழு உதை, அடி வரைக்கும், பாதியில விடாம. ஆக்ஸிலரேட்டரை முறுக்க வேண்டாம். சாவி போட்டதுமே முள் நடுவுல இருந்தா, இன்னும் கொஞ்சம் அமுக்கி அது மைனஸுக்குப் போய் திரும்ப நடுவுக்கு வர்ற வரைக்கும் போகணும்.

பிஸ்டன் உச்சிக்கு இந்தப் பக்கம் இருக்கும்போது அரைகுறையா உதைச்சா, பத்திக்கிட்ட பெட்ரோல் பிஸ்டனை வந்த வழியே தள்ளும். அதுதான் உங்க கணுக்கால். முள் நடுவுக்கு வந்தும் திருப்பி அடிச்சா டைமிங் அட்வான்ஸா இருக்கு, சரி பண்ற வரைக்கும் உதைக்காதீங்க. முன்பாதம் வச்சு உதைக்காம, பாதத்து நடுவுல கிக்கர் வர்ற மாதிரி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, உடம்பு எடையை இறக்குங்க. செருப்பு போட்டுட்டு உதைக்கிறவங்களை நான் திருத்த முடியாது.

சாவியை ஆன்ல விட்டுட்டு முள் மைனஸ்ல நிக்க போன் பேசப் போனீங்கன்னா காயிலும் பேட்டரியும் காலி.

பீளமேடு பிஸ்டன் | 28 ஜூலை, காலை 9.40

தம்பி, ஸ்டார்ட் ஆனதும் முதல் வேலையா கியரை இடது பக்கம் மாத்திடு. கிட் கிடைக்குது. 150 சிசி ஓட்டிப் பழகின காலுக்கு வலது கியர் ஆபத்து. லேத்து அண்ணன் ஒத்துக்க மாட்டார், ஆனா உசுரு முக்கியம்.

நாமக்கல் லேத்து | 28 ஜூலை, இரவு 10.48

ஆபத்துங்குறது உண்மை. எப்படிப்பட்ட ஆபத்துன்னு தெரிஞ்சுக்கிட்டா வழியும் தெரியும்.

இந்த வண்டியில வலது கால் விரலால மேல தூக்கினா ஒண்ணு, கீழ அமுக்கினா ரெண்டு, மூணு, நாலு. இடது கால் பிரேக். குறுக்க ஒரு ஆடு ஓடி வருது. 150 சிசி பழக்கத்துல வலது கால் தானா "பிரேக்"கை மிதிக்கும். அங்க இருக்கிறது கியர் லிவர். கீழ அமுக்கினா மேல் கியர்! வண்டி நிக்கறதுக்குப் பதிலா ரெண்டுல இருந்து மூணுக்குப் போகும். அதே நேரம் கியர் குறைக்க நினைச்ச இடது கால் பிரேக்கை மிதிச்சு பின்சக்கரத்தைப் பூட்டும். நடுரோட்டுல நிதானமா யோசிக்க நேரம் இருந்தா யாரும் தப்பா மிதிக்க மாட்டாங்க. பதறும்போது கால் பழசுக்குப் போகும்.

அதனால ஓட்டக் கத்துக்கறதுக்கு முன்னாடி நிறுத்தக் கத்துக்கணும். சென்டர் ஸ்டாண்டு போட்டு, இன்ஜின் ஆஃப்ல, கண்ணை மூடி உட்காருங்க. யாராவது "ஆடு"ன்னு கத்தணும். முன் பிரேக், கிளட்ச், இடது கால், இந்த மூணு மட்டும் வரணும், வலது கால் அசையக் கூடாது. வலது கால் சும்மா இருக்கக் கத்துக்கறதுதான் பாதிப் பாடம். அப்புறம் காலி மைதானம், முதல் கியர்லயே போறது, நிறுத்துறது. அலுத்துப் போற வரைக்கும். கூடவே 150ஐ ஓட்டாதீங்க. ஒரு மாசம் வீட்டுல நிறுத்தி வைங்க, இல்லேன்னா கால் ரெண்டு வண்டிக்கும் நடுவுல குழம்பும்.

கிட் பத்தி: வலது பக்கத்துல இருக்கிறதைக் குறுக்க ஒரு தண்டு போட்டு இடது பக்கம் கொண்டு வர்றாங்க. ஒவ்வொரு மூட்டுலயும் கொஞ்சம் ஆட்டம். பழைய நாலு கியர் பெட்டிக்கு ஏற்கனவே ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல பொய் நியூட்ரல் விழுற குணம் உண்டு. ஆட்டத்தோட சேர்ந்தா எந்த கியர்ல இருக்கோம்னே தெரியாது. பிரேக்கும் அதே மாதிரி குறுக்க போகணும், அதுல ஆட்டம் வந்தா? எங்க லேத்துக்கு வந்த அந்த மாதிரி வண்டிகள்ல ஒண்ணையும் நான் மனசாரப் பாராட்டினது இல்ல. இடது கியர்தான் வேணும்னா இடது கியரோட வந்த அஞ்சு கியர் மாடலையே வாங்கணும்.

வலது கியருக்கு ஒரு சுகமும் உண்டு: நியூட்ரல் லிவர். ரெண்டு, மூணு, நாலு எதுல இருந்தாலும் கிளட்ச் பிடிச்சு குதிகாலால ஒரு மிதி, நேரா நியூட்ரல். சிக்னல்ல ராஜா மாதிரி. ஆனா மலை இறக்கத்துல அதே குதிகால் ஜாக்கிரதை. கிளட்ச் பிடிக்கும்போது தெரியாம பட்டா வளைவு நடுவுல வண்டி நியூட்ரல்ல உருளும்.

தேனிப்பையன் | 10 ஆகஸ்ட், இரவு 8.20

முள் பார்த்து உதைச்சேன், மூணாவது உதையில எடுத்துச்சு! தெருவே வந்து பார்த்துச்சு. அண்ணே, இப்ப ஆயில் சொட்டுது. டேப்பெட் கவர் ஓரம், கீழ இடது பக்கம் ரெண்டு இடம். பேக்கிங் மாத்தினேன், திரும்பவும் சொட்டுது. அந்தச் சிவப்பு பசை போடட்டுமா?

சைடுஸ்டாண்டு | 10 ஆகஸ்ட், இரவு 8.31

சொட்டினா உள்ள ஆயில் இருக்குன்னு அர்த்தம். சொட்டு நின்னாதான் பயப்படணும்.

நாமக்கல் லேத்து | 10 ஆகஸ்ட், இரவு 9.55

அந்த ஜோக்கைச் சொல்லிச் சொல்லியே பாதிப் பேர் வண்டியைக் கெடுத்துட்டாங்க.

பேக்கிங் மாத்தியும் திரும்ப ஒழுகினா குத்தவாளி பேக்கிங் இல்ல, பிரீதர். பிஸ்டன் இறங்கும்போது கிராங்க் கேஸ்ல இருக்கிற காத்து வெளியே போகணும், ஏறும்போது வெளிக்காத்து உள்ள வரக் கூடாது. அதுக்கு ஒரு சின்ன ரப்பர், வாத்து மூக்கு மாதிரி, ஒரு பக்கம் மட்டும் திறக்கும். அது காய்ஞ்சு விறைச்சுப் போனாலோ, பைப் அடைச்சிருந்தாலோ, ரெண்டு வருஷம் நின்ன வண்டியில ரெண்டும் சகஜம், உள்ள அழுத்தம் கூடும். கூடினா ஆயிலுக்கு எங்க வழி கிடைக்குதோ அங்க போகும். நீங்க ஒரு ஓட்டையை அடைச்சா அடுத்த ஓட்டை. பைப்பைக் கழட்டி வாயால ஊதிப் பாருங்க, ரப்பரை மாத்துங்க, அப்புறம் பேக்கிங்.

பசை வேண்டாம். பிதுங்கி உள்ள விழுற துணுக்கு ஆயில் வழியை அடைக்கும்.

டேப்பெட் கவர் திறந்திருக்கும்போதே புஷ்ராடைப் (டேப்பெட்ல இருந்து மேல வால்வ் பக்கம் போற கம்பி) பாருங்க. இன்ஜின் ஆறினதுக்கு அப்புறம், பிஸ்டன் உச்சியில, ரெண்டு வால்வும் மூடியிருக்கிற நிலையில, கட்டைவிரல் ஆள்காட்டி விரலால சுத்தினா ராடு லேசா சுத்தணும். ஆனா மேல கீழ ஆட்டினா ஆடக் கூடாது. ஃபீலர் கேஜ் எல்லாம் இதுக்கு வேண்டாம், விரலே கேஜ். சத்தம் கேக்குதுன்னு இறுக்கி வச்சா வால்வ் முழுசா மூடாம கருகும்.

மில் ரோடு | 11 ஆகஸ்ட், காலை 11.20

நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கணும். எங்க மாமா டீசல் புல்லட் வச்சிருந்தார். அதை எடுக்கலாமா, மைலேஜ் அள்ளும்னு சொல்றாங்களே?

நாமக்கல் லேத்து | 11 ஆகஸ்ட், இரவு 9.05

325 சிசி, ஆறரை குதிரைத் திறன். தொண்ணூறுகள்ல கம்பெனியே போட்டது. மைலேஜ் உண்மைதான். மூணாறு ஏறும்போது பக்கத்துல ஒரு பாட்டி விறகுக் கட்டோட முந்திட்டுப் போவாங்க. மாமா ஞாபகத்துக்கு வச்சுக்கலாம்.

புல்லட் பேச்சு எடுத்தா வரலாறும் வந்துடும். ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்துல ரெட்டிச் ஊர்க் கம்பெனி. 1955ல மெட்ராஸ் மோட்டார்ஸோட சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா ஆரம்பிச்சு, திருவொற்றியூர்ல வேலை தொடங்கினாங்க. ராணுவத்துக்கு எல்லைக்காவலுக்கு வண்டி வேணும்னு வந்த ஆர்டர்தான் அடித்தளம். அங்க ரெட்டிச் ஆலையை 1967ல மூடிட்டாங்க. இங்க அதே பழைய டிசைன் ஓடிக்கிட்டே இருந்துச்சு, 1977ல இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் போச்சு. காஸ்ட் அயர்ன் இன்ஜின் 2010 வாக்குலதான் நின்னுது. நமக்கு இதுல என்ன லாபம்னா, அரை நூற்றாண்டா பெரிசா மாறாத இன்ஜினுக்கு சென்னை ஜி.பி. ரோட்டுலயும் புதுப்பேட்டையிலயும் இன்னும் சாமான் கிடைக்குது. நஷ்டம், பாதி சாமான் டூப்ளிகேட்.

நாமக்கல் லேத்து | 24 ஆகஸ்ட், காலை 7.15

ஆர்.சி. பத்தி ஜூலைல எழுதினதுக்கு ஒரு சேர்ப்பு. இந்த வாரம் மத்திய அரசு கட்டணத்தை மாத்தியிருக்கு. 20 வருஷம் தாண்டின மோட்டார் சைக்கிளுக்குப் பதிவு புதுப்பிக்க 2000 ரூபாய். 2022 ஏப்ரல்ல 300ல இருந்து 1000 ஆச்சு, இப்ப இது. தம்பி வண்டிக்கு 2027ல வரும். பசுமை வரி தனி. தேதியைத் தள்ளிப் போடாதீங்க, தாமதத்துக்கும் காசு கேப்பாங்க.

தேனிப்பையன் | 7 செப்டம்பர், இரவு 9.35

பிரீதர் ரப்பர் மாத்தினதும் ஒழுகல் நின்னுடுச்சு. ஒரு இடத்துல மட்டும் லேசா ஈரம். மைதானத்துல பழகி இப்ப வைகை அணை வரைக்கும் போயிட்டு வர்றேன். ஆனா அரை மணி நேரம் ஓட்டினா மிஸ்ஸிங், இன்ஜின் விட்டு விட்டு ஓடுது. நிறுத்தி டீ குடிச்சுட்டு வந்தா சரியாயிடுது. பெட்ரோல் அடைப்பா? அடுத்த ஞாயிறு போடிமெட்டு போகலாம்னு இருந்தேன்.

நாமக்கல் லேத்து | 7 செப்டம்பர், இரவு 11.10

டீயால சரியாகுற நோய்க்குப் பேரு பெரும்பாலும் கண்டென்சர், பாயின்ட்டைப் பொறி அரிக்காம காக்குற சின்ன உருளை.

கொல்லிமலைல எனக்கு இதே. காரவள்ளில இருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு, ரெண்டாவது கியர்லயே ஏறணும், காத்து படாது, இன்ஜின் கொதிக்கும். பாதி ஏறினதும் டப் டப்னு பின்னாடி வெடிச்சு நின்னுது. ஓரமா தள்ளி உட்கார்ந்தேன், ஆறினதும் எடுத்துச்சு, நாலு வளைவு, திரும்ப நின்னுது. கார்புரேட்டரைக் கழட்டி ஊதினேன், ஒண்ணும் இல்ல. அப்புறம் பாயின்ட் மூடியைத் திறந்து ஒருத்தரை உதைக்கச் சொல்லிப் பார்த்தா, பாயின்ட் நடுவுல குண்டு நீலப்பொறி. நல்ல கண்டென்சர் இருந்தா அங்க பொறி தெரியவே கூடாது, தெரிஞ்சா ஊசிமுனை அளவு. சூடானதும் உள்ள இன்சுலேஷன் விட்டுடுது, ஆறினா பிடிச்சுக்குது. புதுசா வாங்கிப் போட்டதே அந்த லட்சணம். பையில பழசு ஒண்ணு கிடந்துச்சு, அதை மாட்டித்தான் செம்மேடு போய்ச் சேர்ந்தேன்.

அதனால இருட்டுல மூடியைத் திறந்து பொறியைப் பாருங்க. பாயின்ட் முகத்துல ஒரு பக்கம் குழி, எதிர்ப்பக்கம் மேடுன்னு இருந்தாலும் அதேதான் காரணம். மாத்திட்டு கேப் 15 தவ் வைங்க (ஒரு தவ்னா இன்ச்சுல ஆயிரத்துல ஒரு பங்கு), மில்லிமீட்டர்ல 0.38. கேப்பை மாத்தினா டைமிங்கும் நகரும், ரெண்டையும் சேர்த்துப் பாருங்க. அப்படியே பிளக் நிறத்தையும் பாருங்க. வெளுத்திருந்தா இந்த எத்தனால் பெட்ரோலுக்குக் கலவை வறட்சியா இருக்கு, கார்புரேட்டர் ஊசியில கிளிப்பை ஒரு பள்ளம் கீழ இறக்கினா போதும்.

பீளமேடு பிஸ்டன் | 8 செப்டம்பர், காலை 8.50

கண்டென்சர் சரி. பெட்ரோல் டேங்க் மூடியோட காத்து ஓட்டை அடைச்சிருந்தாலும் இதே மாதிரி அரை மணி நேரத்துல நிக்கும். முதல்ல மூடியைத் திறந்து "உஸ்"ஸுன்னு சத்தம் வருதான்னு பார்க்கச் சொல்லுங்க, செலவில்லாத வேலை.

நாமக்கல் லேத்து | 8 செப்டம்பர், இரவு 9.20

ஆமா, அதை முதல்ல பாருங்க. நின்ன உடனே மூடியைத் திறந்து மூடினதும் எடுத்துட்டா அதுதான். எடுக்கலேன்னா கண்டென்சர்.

போடிமெட்டு போறதுக்கு. ஏறுறது சுலபம், பதினேழு வளைவுதான். இறங்கறதைப் பத்திப் பேசலாம். ரெண்டும் டிரம் பிரேக். பிடிச்சுக்கிட்டே இறங்கினா சூடேறி பாதி வழியில பிடிப்பு விட்டுடும். எந்த கியர்ல ஏறினீங்களோ அதே கியர்ல இறங்குங்க, வளைவுக்கு முன்னாடியே கியர் குறைச்சு முடிச்சுடுங்க, வளைவுக்குள்ள வலது கால் சும்மா இருக்கணும். மூணாறு பக்கம் மழை இருந்தா டிரம்ல தண்ணி இறங்கும். பிரேக் தேவைப்படுற இடத்துக்கு முன்னாடியே லேசா பிடிச்சு உலர்த்திக்கங்க.

முந்தின நாள் ஸ்பேனரோட ஒரு சுத்து வாங்க. சைலன்சர் கிளாம்ப், மட்கார்டு கம்பி, நம்பர் பிளேட், இந்த அதிர்வுக்கு எது கழலும்னு சொல்ல முடியாது. ஸ்போக்கை ஒவ்வொண்ணா தட்டிப் பாருங்க, மொத்தையா சத்தம் வர்றது தளர்ந்தது. பையில கிளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள், பிளக், பாயின்ட் செட், செயின் லாக், பின்சக்கர டியூப். டியூப்பை மறக்க வேண்டாம், மலைமேல பஞ்சர் கடைக்காரர் உங்க சைஸ் வச்சிருப்பார்னு நம்ப முடியாது. அரை லிட்டர் ஆயில். கண்டென்சர் ரெண்டு எடுத்துக்கங்க, ரெண்டையும் ஒரே கடையில வாங்காதீங்க.

தேனிப்பையன் | 8 செப்டம்பர், இரவு 9.41

மூடி "உஸ்"ஸுன்னுச்சு அண்ணே! ஓட்டையில தவிடு.